ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு மைக்

பழைய பாட்டுக் கேசட்டுகளை எல்லாம் சிடியில் ஏற்றப் போகிறேன் என்று சொல்லித்தான் சந்திரமோகன் அந்த மெஷினை வாங்கி வந்தான். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மெஷின் வீட்டுக்குள் வந்து மாதம் திரும்பியும் அதிலிருந்து ஒரு பாட்டு, அரைப் பாட்டு, ஒரு பல்லவியாவது கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. கேசட்டுகள் பரண்மேல் போட்ட பையிலேயே தூசி படிந்து கிடந்தன. அவன் பெண்டாட்டி சந்திரகலாவுக்குச் சந்தேகம் முளைத்தது அங்கேதான்.

திருவள்ளூர் பஜாரில் அமானுல்லா பாய் பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கிறார். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன சிடி ரெக்கார்டர் அது. மணவாள நகரில் சந்திரமோகனின் சின்ன வீட்டில் டிவி ஸ்டாண்டில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு பக்கம் தட்டை நீட்டி சிடியை வாங்கிக்கொள்ளும். நடுவில் சத்தத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் பச்சைக் கோடுகள். சத்தம் மிஞ்சினால் கடைசிக் கோடு சிவப்பாகும். ஹெட்போன் மாட்ட ஓர் ஓட்டை, மைக் செருக ஓர் ஓட்டை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள்.

சந்திரமோகனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்குப் பேச்சு கேட்கும், அப்படிப்பட்ட இடம். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, டீ குடித்துவிட்டு முன்பெல்லாம் டிவி முன்னால் உட்காருவான். இப்போது மெஷின் முன்னால். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். எதையோ திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான். சில நேரம் தன்பாட்டுக்குச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. பெண்டாட்டி எதிரில் நிற்கும்போது வராத சிரிப்பு, காதுக்குள் யாரைக் கேட்டு வருகிறது?

"இன்னா பாட்டுங்க அது? எனக்கும் கொஞ்சம் போடுங்களேன்" என்றாள் ஒருநாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"சரி, சரி" என்றான். போடவில்லை.

எதற்கெடுத்தாலும் இந்தச் சரி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷின் ஒழுகுகிறது என்றால் சரி. மகள் நர்மதா வேலூர் நர்சிங் ஹாஸ்டலிலிருந்து பேசினாள் என்றால் சரி. உங்கம்மா உங்களைப் பெற்றதற்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலில் ஒரு மூட்டை பெற்றிருக்கலாம் என்றால் அதற்கும் சரி! மாமியார் அத்திப்பட்டில் இளைய மகனோடு இருக்கிறாள். சந்திரகலாவுக்கும் அவளுக்கும் ஆகாது. ஆகாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ஜாதியில்லை சந்திரகலா. சமையல் முடிவதற்குள் மாமியாரை ஒரு தாளி தாளித்து இறக்கிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான், அவளே ஒப்புக்கொள்வாள்.

சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, ஆளுக்கு மனசு எங்கேயோ என்று விட்டிருப்பாள். ஆனால் ஒருநாள் கழித்து எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "புளி தீந்து போச்சி" என்று அடுப்படியில் சொன்னாள், சரி என்றான், வெறுங்கையோடு வந்தான். மறுநாள் சாயங்காலம் பையில் புளி இருந்தது. இதுகூடப் போகட்டும். கால் வலி உயிர் போகிறது என்று அண்ணியிடம் போனில் சொன்னாள். அண்ணியிடம்தான் சொன்னாள், அவனிடம் மூச்சு விடவில்லை. அடுத்த நாள் தைலத்தோடு வந்து நிற்கிறான்.

"யாரு சொன்னா எனக்குக் கால் வலின்னு?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீதான் சொன்ன" என்றான்.

"எப்ப சொன்னேன்?"

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மறுநாள் அவன் பஸ் ஏறியதும் வீட்டைப் பெருக்கும் சாக்கில் ஒவ்வொரு மூலையாகக் குடைந்தாள். மெஷினின் பின்பக்கம் பார்த்தாள், டிவிக்குக் கீழே பார்த்தாள். கறுப்பு ஒயர் ஒன்று சுவரோரமாகப் போய் கர்ட்டனுக்குள் நுழைந்து, அடுப்படி நிலையைத் தாண்டி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஏறியது. அதன் முனையில், பருப்பு டப்பாவின் மறைவில், அடுப்பைப் பார்த்தபடி ஒரு மைக் உட்கார்ந்திருந்தது. ஐயோ அடப்பாவி! சந்திரகலா துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சித்தி மகள் அருணாவின் கதை அவள் கண்முன்னால் நடந்த கதை. அருணாவின் புருஷன் மாதக்கணக்கில் அவள் பேசியதை எல்லாம் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்த பஞ்சாயத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். மாமியாரை அவள் திட்டிய திட்டு மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் மாமியார் என்ன சொன்னாள் என்பதை அவன் பதியவில்லை. கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். "இந்த வாய வெச்சிக்கினு எவன்மா வாழ வெப்பான்?" என்று ஒரு பெரியவர் சொன்னார், அத்தோடு முடிந்தது. அருணா இன்றைக்கும் ஊத்துக்கோட்டையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பஞ்சாயத்து என்றால் இப்போதெல்லாம் சாட்சிக்கு ஆள் வருவதில்லை, குரல்தான் வருகிறது.

அருணா பேசியதை எல்லாம் சேர்த்தாலும் சந்திரகலா ஒரு வாரத்தில் பேசுவதற்கு ஈடாகாது. இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணிய மனுஷன், மகள் ஹாஸ்டலுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, இப்போது தன்னைக் கழித்துவிடக் குரல் சேர்க்கிறான்! இப்படித்தான் அவளுக்குப் பட்டது. பீரோவைக் குடைந்தபோது அது இன்னும் உறுதியானது. துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் அடுக்காக சிடிகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் 'கலா' என்று எழுதியிருந்தது.

ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எதிர்வீட்டு ஆரோக்கியமேரியின் டிவிடி பிளேயரில் போட்டாள். மெஷின் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு டிஸ்க் இல்லை என்றது. கண்ணெதிரில் தட்டில் கிடக்கிறது, இல்லை என்கிறது! ஆட்டோ பிடித்து நேராக அமானுல்லா பாய் கடைக்குப் போனாள்.

பாய் சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இத்த இன்னும் ஃபைனலைஸ் பண்ணலம்மா. பண்ற வரைக்கும் எழுதுன மெஷின்ல மட்டும்தான் பாடும். பண்ணி மூடிட்டா எங்க வேணா பாடும். ஆனா அதுக்கு மேல ஒண்ணும் எழுத முடியாது."

"அவருக்கு இதெல்லாம் தெரியுமா பாய்?"

"இன்னாமா இப்டி கேக்கற! உங்க ஊட்டுக்காரரு மாதிரி யாரும் துருவித் துருவி கேட்டதில்ல. சத்தம் வந்தா தானா பதிய ஆரம்பிக்கும், சத்தம் நின்னா தானா நிக்கும், நடுவுல கொஞ்ச நேரம் அமைதியா இருந்தா அடுத்த நம்பர் போட்டுக்கும். எல்லாத்தையும் இங்கியே உக்காந்து கத்துக்கினாரு. கடைசியா இன்னா கேட்டாரு தெரியுமா? 'பாய், ஃபைனலைஸ் பண்ணிட்டா இத்த வேற எடத்துல கூட போட்டு கேக்கலாம் இல்ல?'ன்னாரு. தாராளமான்னேன்."

வேற எடம்! சந்திரகலாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபைனலைஸ் பண்ணுகிற நாள்தான் அவன் தன்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்கிற நாள். ஆட்டோவில் திரும்பும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மைக்கைப் பிடுங்கிப் போட்டால் உஷாராகிவிடுவான். இருந்துவிட்டுப் போகட்டும். கேட்க வேண்டியதை நாம் கொடுப்போம்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நடந்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். குழம்பைக் கிளறிக்கொண்டே ஃபிரிட்ஜ் பக்கம் முகத்தைத் திருப்பி, "எங்க அத்த மாதிரி ஒரு மனுசி உண்டா! தங்கம்னா தங்கம்" என்றாள். "அவங்க கையால நாஷ்டா சாப்ட்டு எவ்ளோ நாளாச்சி" என்று ஏங்கினாள். "எங்க ஊட்டுக்காரர எதுத்து ஒரு வார்த்த பேசியிருப்பனா நானு?" என்று பருப்பு டப்பாவைப் பார்த்தே கேட்டாள். கொஞ்சம் அழக்கூடப் பார்த்தாள், வரவில்லை.

மறுநாள் சந்திரமோகன் ஹெட்போனோடு உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். நெற்றி சுருங்கியது. எழுந்து வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"உடம்பு கிடம்பு சரியில்லியா கலா?"

பேச்சு எடுபடவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் ஒரே வழிதான், வாயை மூடிக்கொள்வது. அவள் பேசுவதை நிறுத்தினாள். தேவையென்றால் கையைக் காட்டினாள். போன் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுத்தாள். சந்திரகலா பேசாத வீடு எப்படியிருக்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் நாட்கள் போயின.

அவன் அலைபாய்ந்தான். அதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சத்தத் திருகைக் கடைசி வரை திருப்புவான். ஹெட்போனைக் கழற்றி உதறி மறுபடி மாட்டுவான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு மைக்கைத் தட்டிப் பார்ப்பான். சாட்சி சிக்கவில்லை என்று தவிக்கிறான், தவிக்கட்டும், என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் எதிரிலேயே வந்து உட்கார்ந்தான்.

"இன்னா கலா பேசவே மாட்ற? எதனா பேசு. திட்டணும்னாலும் திட்டு."

திட்ட வேண்டுமாம்! எவ்வளவு நைசாகப் பொறி வைக்கிறான் பார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டிருந்தான். துணி உலர்த்திவிட்டு வந்தவள் மெஷினைப் பார்த்தாள். தட்டுக்கு மேலே அந்த ஆங்கில எழுத்துகள் மினுங்கிக்கொண்டிருந்தன. ஃபைனலைஸ். பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முடிந்த சிடியை எடுத்து உறையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தட்டில் வைத்தான். 'கலா' என்று எழுதிய எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன.

அவள் அடுப்படிக்குள் போய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒளிந்து ஒளிந்து இனி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு முதுகைக் காட்டியபடியே, தெளிவாகவே கேட்டாள்.

"நான் அண்ணன் ஊட்டுக்கே போய்டட்டுமாங்க? இனிமே வரவே வேணாமா?"

"சரி, சரி" என்றான் கூடத்திலிருந்து.

இருபது வருஷத்துக்கு அவ்வளவுதான் பதில். அவள் அழுதுகொண்டே நான்கு புடவையைப் பையில் திணித்தாள். அவன் குளியலறைக்குப் போன சமயம் பார்த்து வெளியேறி, ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அண்ணன் வெங்கடேசனுக்கு ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம். அதோடு சந்திரமோகன் வேலை செய்கிற அதே ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மச்சானுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். தங்கை சொன்னதைக் கேட்டு அவனுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "மாப்ளயா இப்டி? ஆளு வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்தாரே" என்று போன் போட்டான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. "பாத்தியா, வேணும்னே எடுக்கல" என்றாள் அருணா, விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தவள். சனிக்கிழமை சந்திரமோகன் ஷிஃப்டுக்கும் வரவில்லை. "ஞாயித்துக்கிழம வந்து சேருங்க" என்று வெங்கடேசன் மெசேஜ் அனுப்பினான். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது, வருகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். தோளில் பெரிய பை. கூடத்தில் பெரியப்பா துளசிராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வெங்கடேசன் பாயில், பெண்கள் சுவரோரம். பையின் ஜிப்பை அவன் திறந்தான். உள்ளே அந்த மெஷின்.

"பாத்தியாக்கா, கொண்டாந்தே கொண்டாந்துட்டாரு" என்று அருணா சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் அண்ணன் முன்னால், பெரியப்பா முன்னால் விழப்போகிறது.

அவன் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மெஷினை ஸ்டூல் மேல் வைத்தான். ஃபேன் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் ஒயரைச் செருகினான். மைக்கை மாட்டினான். தட்டில் புது சிடி ஒன்றைப் போட்டு எதையோ அழுத்தினான், பச்சைக் கோடுகள் லேசாகத் துடித்தன. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கோடுகளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கலா, இங்க வந்து இதுல பேசு" என்றான், திரும்பாமலே.

வெங்கடேசன் எழுந்துவிட்டான். "யோவ், எங்க ஊட்டுக்குள்ளயே வந்து எந்தங்கச்சி வாயப் புடுங்கி ரெக்கார்டு பண்ணுவியா? ஆம்பளையாய்யா நீ?"

கூடம் அதிர்ந்தது. மாப்பிள்ளையை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் எந்த மாப்பிள்ளையும் சும்மா நிற்கவும் மாட்டான். சந்திரகலா புருஷனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு அசையவில்லை. தோள் குலுங்கவில்லை. ஆனால் மெஷினில் கோடுகள் குபீரென்று ஏறிச் சிவப்பைத் தொட்டன. அதைப் பார்த்த பிறகுதான் அவன் திரும்பினான். திரும்பி முதலில் பெரியப்பாவின் வாயைப் பார்த்தான். பிறகு அருணாவின் வாயை. கடைசியில்தான் வெங்கடேசனிடம் வந்தான்.

"இன்னா மச்சான், எதனா சொன்னீங்களா?" என்றான் சாதாரணமாக.

சந்திரகலா மெஷினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் பேசியது என்று தேடுகிறான். அவனுக்குக் காது கேட்கவில்லை. கோடு ஏறியதைப் பார்த்துத்தான் யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறான். அத்தனை சரியும், ஒருநாள் தள்ளி வந்த புளியும், தைலமும், திட்டணும்னாலும் திட்டு என்று கெஞ்சியதும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டன. அடப்பாவி மனுஷா, எங்கிட்ட சொல்லக்கூடாதா!

ஏன் சொல்லவில்லை என்பதும் கூடவே விளங்கியது. ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை உண்டு. போன தடவை கலியன் என்ற ஆள் தேறவில்லை, மறு மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "சைரன் கேக்காதவன கிரேனுக்குக் கீழ நிக்க வெச்சி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னவன் இதே வெங்கடேசன்தான். அவன் முன்னால்தான் இப்போது சந்திரமோகன் நிற்கிறான்.

அவள் எழுந்து போனாள். ஹெட்போனை எடுத்து அத்தனை பேர் முன்னாலும் தானே புருஷனின் காதில் மாட்டினாள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்காதபடி மூச்சுக் காற்றில் சொன்னாள்:

"எனக்குப் புரிஞ்சிடுச்சி. நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவன் கண்கள் அகலமாயின. மெதுவாகத் தலையை ஆட்டினான்.

அவள் திரும்பினாள். மைக் கையிலேயே இருந்தது. "தப்பு எம்மேலதான். அவரு பாட்டுதான் ஏத்திக்கினு இருந்தாரு. நான்தான் கண்டதையும் நெனச்சி உங்களக் கூட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

விடுவார்களா? துளசிராமன் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இன்னாமா இது வெளையாட்டு? நாத்து நட ஆளுங்கள நிறுத்திட்டு வந்து உக்காந்துக்கினு கீறேன். உன் வாய்க்கு எவன் தாங்குவான்?"

"என் பொழப்பு உனக்குச் சிரிப்பாப் போச்சாக்கா?" என்று அருணா அழுதாள்.

வெங்கடேசனுக்குத்தான் முகமெல்லாம் கறுத்துவிட்டது. "உன் பேச்சக் கேட்டு மனுசன அவமானப்படுத்திட்டேன். அறிவு இருக்குதாடி உனக்கு? உன்ன இத்தன வருசம் வெச்சி ஓட்டினாரு பாரு, அவர சொல்லணும். வேற எவனா இருந்தா எப்பவோ துரத்தியிருப்பான்."

திட்டு வாங்கித் திருப்பித் திட்டாமல் சந்திரகலா நின்றது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. ஆனால் மைக்கை அவள் கீழே வைத்திருக்க வேண்டும். அது மறந்துபோய்விட்டது. அவளைத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் சந்திரமோகனின் காதுக்குள் முழுச் சத்தத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான்" என்றான். அளவு தெரியாமல் கத்துவது போல் வந்தது குரல். "எனக்குக் காது கேக்கல."

வெங்கடேசன் வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"போன வருச டெஸ்ட்லயே போயிருக்கணும். நர்ஸம்மா பொத்தான் அமுக்கற வெரலப் பாத்துப் பாத்துக் கையத் தூக்கினேன். காதுல மெஷின் வெச்சிக்கினா கம்பெனி கேட்டுலயே தெரிஞ்சிடும். போன்ல பதிஞ்சி கேட்டேன், பத்தல. இதுலதான் சத்தத்த மேல ஏத்தினா கேக்குது. இவ பேசறத பதிஞ்சி வெச்சி, மறுநாளு உக்காந்து கேப்பேன். திட்டறதுகூட எனக்கு ஒரு நாளு லேட்டாத்தான் வருது. மெஷினும் இப்ப மக்கர் பண்ணுது, அதான் நின்னு போறதுக்குள்ள எல்லாத்தையும் ஃபைனலைஸ் பண்ணேன்."

அவன் சந்திரகலாவின் பக்கம் திரும்பினான்.

"நீ திடீர்னு பேசறத நிறுத்திட்ட. போன் மட்டும் காதுல இருக்குது, எவ்ளோ ஏத்தினாலும் ஒண்ணுமே வரல. காது மொத்தமா போச்சின்னு நெனச்சேன் கலா. வெள்ளிக்கிழம தட்டுல மூடாம இருந்த சிடில நீ கேட்டது பதிஞ்சிருந்துச்சி, நீ போனப்புறம்தான் அத போட்டு கேட்டேன். அதுக்குத்தான் நான் சரின்னு சொன்னனா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியாது. தன் வாய்க்குப் பூட்டுப் போட்டு, செவிடாகிக்கொண்டிருந்தவனை முழுச் செவிடு என்றே நம்ப வைத்திருக்கிறாள். இதைவிட ஒரு திட்டு உண்டா?

வெங்கடேசன் பாயில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் மச்சானாக யோசிக்கிறானா சூப்பர்வைசராக யோசிக்கிறானா என்று சந்திரகலாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் நிமிர்ந்தான்.

"நாளைலேந்து அவரு ஷெட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. ஆபீஸ்ல நானே சொல்லிடறேன். வேற எதனா எடம் குடுப்பாங்களான்னு கேக்கறேன், குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. அவரு கிட்ட சொல்லு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சந்திரமோகன் அண்ணன் தங்கை இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கடேசனின் மீசை மறைத்த வாயை அவனால் படிக்க முடியவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று கேட்டு, ஹெட்போனை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டான்.

அவள் மைக்கை உயர்த்தினாள். ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார்க்கச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டால், இன்றைக்கு ஒருநாள் நிம்மதியாகத் தூங்குவான். நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு எதிரில் நின்றான். அண்ணன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மைக்கில் சொன்னாள்.

பச்சைக் கோடுகள் ஏறி இறங்கி அடங்கின. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இது மச்சான் சொல்றதா, நீ சொல்றதா?" என்று கேட்டான்.

"அண்ணன் சொல்லுது" என்றாள். மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். "நானும் சொல்றேன்."